குரங்குக்கு வந்த அல்சரும் தெருவுக்கு வந்த வண்டியும்

குடியை விடாதவனைப் பற்றி நம் ஊரில் இரண்டே இரண்டு தீர்ப்புகள்தான் உண்டு. ஒன்று, "அவனுக்கு மனசு இல்லப்பா, மனசு வெச்சா விட முடியாதா?" இன்னொன்று, "அந்தச் சரக்கு அப்படி, ஒரு தடவை பிடிச்சா விடாது." முதல் தீர்ப்பு பழியை ஆள் மேல் போடுகிறது. இரண்டாவது பாட்டில் மேல் போடுகிறது. இரண்டிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. மற்றவர்கள் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை!

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலைத் தேடி எலி, குரங்கு, மனிதன் என்று ஐம்பது வருடத்துக்கும் மேலாக அலைந்தவர் ஜோசப் பிரேடி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சிக் கதையின் ஆரம்பத்தில் ஓர் இந்திய வேர் இருக்கிறது. முடிவில் பால்டிமோர் நகரத்துத் தெருவில் நிற்கும் ஒரு வண்டி இருக்கிறது. அந்த மாதிரி ஒரு வண்டி புதுச்சேரியில், உதாரணமாக மூலக்குளத்தில், ஏன் நிற்கக் கூடாது என்பதுதான் இங்கே கேள்வி.

யார் இந்த பிரேடி?

1922ல் நியூயார்க்கில் பிறந்தவர். கல்லூரி முடித்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குப் போனார். போர் முடிந்ததும் ஜெர்மனியில் இருந்த ஒரு ராணுவ மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை. அங்கேதான் உளவியல் பக்கம் திரும்பினார். 1951ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிறுவனம், அதன் பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். 1959ல் ராக்கெட்டில் போய்த் திரும்பிய ஏபிள், பேக்கர் என்ற குரங்குகளின் பயிற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2011 ஜூலையில், 89 வயதில் இறந்தார். மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பது பழைய துறை. மருந்து நடத்தையை என்ன செய்கிறது என்று அளந்து பார்க்கும் துறையை ஆரம்பித்து வைத்த சிலரில் அவர் ஒருவர்.

சர்ப்பகந்தாவில் ஆரம்பித்த கதை

சர்ப்பகந்தா நம் நாட்டு மூலிகை. அதன் வேரை மனநிலை தவறியவர்களுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கலாம் என்று 1931லேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் எழுதினார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் ரத்தக் கொதிப்புக்கு அது வேலை செய்வதை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் கண் திறந்தது. 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. 1954ல் அமெரிக்காவில் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். "நோயாளிகள் அமைதியாகிவிட்டார்கள்" என்று ஒரே ஆச்சரியம்.

பிரேடி கேட்ட கேள்வி எளிமையானது. அமைதி என்றால் என்ன? பயம் போய் அமைதியா, இல்லை சும்மா தூக்கக் கலக்கமா?

ஓர் எலி தண்ணீருக்காக ஒரு நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்கும்படி பழக்கினார். நடுவில் சில நிமிடங்கள் ஒரு 'டிக் டிக்' சத்தம் கேட்கும். சத்தம் முடியும்போது லேசான மின் அதிர்ச்சி. சில நாளில் எலிக்குப் புரிந்துவிடும். சத்தம் கேட்டதும் தாகத்தையும் மறந்து உறைந்துபோய் உட்கார்ந்துவிடும். அதுதான் பயம். ரிசர்பின் கொடுத்த எலி மொத்தத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் அழுத்தியது. ஆனால் 'டிக் டிக்' சத்தத்தின் போதும் நிறுத்தாமல் அழுத்தியது. ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் நேர் எதிர். மற்ற நேரமெல்லாம் படுவேகமாக அழுத்தும் எலி, சத்தம் வந்தால் முன்னைவிட அதிகமாக உறைந்தது. 1956ல் சயன்ஸ் இதழில் இது வெளியானது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்ன? ஆம்ஃபெட்டமின் 'வேகம் கொடுக்கிற மருந்து' என்பது பாதி உண்மைதான். அதே மருந்து, அதே எலி, அதே நாள். சுற்றி நடப்பது மாறியதும் மருந்தின் வேலையும் மாறிவிட்டது. மருந்து தனியாக வேலை செய்வதில்லை. அது எந்தச் சூழ்நிலைக்குள் போய் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை செய்கிறது. பின்னால் வேறு மருந்துகள் வந்து ரிசர்பினை ஓரங்கட்டிவிட்டன. ஆனால் அந்தப் பாடம் ஓரங்கட்டப்படவில்லை.

மேனேஜர் குரங்குகள்

பிரேடியின் பெயர் ஊர் உலகமெல்லாம் பரவியது 1958ல். இரண்டு குரங்குகளைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கட்டி உட்கார வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி மின் அதிர்ச்சி. ஒரு குரங்கின் கையில் மட்டும் வேலை செய்யும் நெம்புகோல். அது சமயத்தில் அழுத்தினால் இரண்டுமே தப்பிக்கும். மறந்தால் இரண்டுக்கும் அடி. பொறுப்பு முழுக்க அந்த 'மேனேஜர்' குரங்கின் தலையில். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. கடைசியில் மேனேஜர் குரங்குகளுக்குத்தான் வயிற்றில் புண் வந்தது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த குரங்குகளுக்கு வரவில்லை. "பொறுப்பு அதிகமானால் அல்சர் வரும்" என்று பத்திரிகைகள் கொண்டாடின. இன்றைக்கும் சில பாடப் புத்தகங்களில் இந்தக் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் அதில் ஓர் ஓட்டை. மொத்தம் நாலே ஜோடிதான். அதுவும் எந்தக் குரங்கு மேனேஜர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை. முதலில் சோதித்துப் பார்த்து, எது வேகமாக நெம்புகோலை அழுத்தியதோ அதையே மேனேஜர் ஆக்கினார்கள். அதாவது, ஆரம்பத்திலேயே பரபரப்பான குரங்குகள் ஒரு பக்கம், சாதுவான குரங்குகள் இன்னொரு பக்கம். பிறகு ஜே வைஸ் என்பவர் எலிகளை வைத்து, யாருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து பார்த்தார். விடை தலைகீழ்! நிலைமையைக் கட்டுப்படுத்தும் வழி கையில் இருந்த எலிகளுக்குத்தான் புண் குறைவு. வழியே இல்லாமல் அடி வாங்கிய எலிகளுக்குத்தான் அதிகம்.

பிரேடியின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. விஞ்ஞானம் இப்படித் தடுக்கி விழுந்து எழுந்துதான் நடக்கும். ஆனால் இந்தத் தவறை நம் ஊரில் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. "எங்க சித்தப்பா இருபது வருஷம் குடிச்சார். ஒரே நாள்ல விட்டுட்டார். இவன் ஏன் விடல?" என்று கேட்கிறவர், இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். சித்தப்பாவுக்குப் பென்ஷன் வரும் வேலை. பேச நாலு பேர். உடம்பு சரியில்லை என்றால் லீவு போட முடியும். இவன் காலையில் சாலை ஓரம் நின்று, மேஸ்திரி கூப்பிட்டால்தான் அன்றைக்குக் கூலி. இரண்டு குரங்குகளும் ஆரம்பத்திலேயே சமமில்லை. அப்புறம் எப்படி ஒப்பிடுவது?

இன்னொன்றும் உண்டு. கட்டுப்பாடு கையில் இருந்த எலிக்குப் புண் குறைவு என்கிறது வைஸின் சோதனை. எதுவுமே கையில் இல்லாதவனைப் பார்த்து "உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்வது அறிவுரை போலத் தெரியும். உண்மையில் அது கிண்டல்.

எத்தனை தடவை அழுத்துவாய்?

ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போன பிறகு பிரேடியும் ரோலண்ட் கிரிஃபித்ஸ் முதலிய சக ஆய்வாளர்களும் பபூன் குரங்குகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். நெம்புகோலை அழுத்தினால் ஒரு தடவை மருந்து. பிறகு அதற்குத் தேவையான அழுத்தங்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த இடத்தில் "போதும்டா சாமி" என்று குரங்கு நிறுத்துகிறதோ, அதுதான் அந்த மருந்துக்கு அது கொடுக்கும் விலை. கொக்கெயினுக்கு மிக அதிக விலை கொடுத்தன. சில மருந்துகளைச் சீண்டவே இல்லை. ஒரு புது மருந்து சந்தைக்கு வரும் முன்பே, அது மனிதனை அடிமையாக்கும் ஆபத்து எவ்வளவு என்று கணிக்க இந்த முறை உதவியது.

ஆக, "சரக்கு அப்படி" என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே பால்டிமோரில் 1971ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு மறுபாதியைச் சொல்கிறது. இது பிரேடியுடையது அல்ல, அந்த நகர மருத்துவமனையில் மற்றவர்கள் செய்தது. நாள்பட்ட குடிநோயாளிகளை வார்டில் வைத்து மதுவையும் அங்கேயே கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் நிறுத்திக்கொண்டால் அன்றைக்கு வசதியான வார்டு, நல்ல சாப்பாடு, டிவி, பேச்சுத்துணை. அளவைத் தாண்டினால் எதுவும் இல்லாத வெறும் வார்டு. "ஒரு சொட்டுப் பட்டால் நிறுத்தவே மாட்டார்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலான நாட்களில் அளவோடு நிறுத்தினார்கள். நிபந்தனையை எடுத்ததும் பழைய கதைதான்.

இதை வைத்து "அளவாகக் குடிக்கலாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாள்பட்ட குடிநோயாளிக்கு முழுக்க விடுவதுதான் பாதுகாப்பு. இங்கே விஷயம் வேறு. அந்த ஆட்களுடைய மனசு மாறவில்லை. சரக்கும் மாறவில்லை. மாறியது சுற்றியிருந்த இடம் மட்டும்தான்.

தெரியாமல் கலக்கும் பொடி

பிரேடியின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தெரியாமலே அவர்களைச் சோதனைப் பொருளாக வைத்திருந்த டஸ்கீகி விவகாரம் 1972ல் வெடித்தது. அதன் பிறகு, மனிதர்கள் மீது ஆராய்ச்சி செய்வதற்கு விதிகளை வகுக்க ஒரு தேசியக் குழு போட்டார்கள். அதில் பிரேடியும் உறுப்பினர். அந்தக் குழு எழுதிய பெல்மான்ட் அறிக்கை 1979ல் வெளியானது. அதன் முதல் கொள்கை, எதிரில் இருப்பவனை மனிதனாக மதி, அவன் சம்மதம் கேள் என்பது.

நம் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். "குடியை மறக்கடிக்க, அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம். இப்படி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிற மனைவிக்கும் தெரியாது, சாப்பிடுகிற கணவனுக்கும் தெரியாது. அதில் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்தால் நிலைமை விபரீதம். அதன் மேல் மது பட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். டாக்டர்கள் அதைக் கொடுப்பதாக இருந்தால் நோயாளியிடம் விளக்கி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள். அந்தப் பொடியை வாங்கும் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் வாசலுக்கு வேறு எதுவும் வந்து சேரவில்லை. சுவர் விளம்பரம் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

கடைசியில் வந்த வண்டி

சரி, வண்டிக்கு வருவோம். பிரேடி 1960லேயே நடத்தை ஆராய்ச்சிக்காக ஒரு தனி நிறுவனம் தொடங்கியிருந்தார். பால்டிமோரில் ஹெராயின் தலைவிரித்தாடிய 1990களில் அந்த நிறுவனம் ஒரு காரியம் செய்தது. ஹெராயினை விட மெத்தடோன் என்ற மாற்று மருந்தைத் தினமும் கொடுக்க வேண்டும். கிளினிக் வைக்க இடம் தேடினால், "எங்க ஏரியாவுல வேண்டாம்" என்று எல்லாரும் விரட்டுவார்கள். நோயாளிக்கோ தினமும் அலைய வசதி கிடையாது. அதனால் மருந்தையும் நர்ஸையும் ஆலோசகரையும் ஒரு வேனில் ஏற்றி, நேரம் குறித்து, தெருவுக்கே அனுப்பினார்கள்.

எந்த முறையில் ஆட்கள் நீடிக்கிறார்கள் என்றும் கணக்கெடுத்தார்கள். 1996ல் வெளியான முடிவின்படி, கட்டடத்துக்கு வரச் சொன்ன கிளினிக்குகளைவிட, வண்டியில் பதிவு செய்தவர்கள் அதிக காலம் சிகிச்சையில் தங்கினார்கள். வேனில் இருந்ததும் அதே மெத்தடோன்தான். மாறியது அது நின்ற இடம். எலி சொன்ன பாடத்தை நாற்பது வருடம் கழித்து வேன் திரும்பச் சொன்னது!

மூலக்குளம் எங்கே வருகிறது?

விழுப்புரம் சாலையில், ரெட்டியார்பாளையம் தாண்டி வில்லியனூர் போகிற வழியில் இருப்பது மூலக்குளம். அது ஓர் உதாரணம்தான். புதுச்சேரியின் எந்தப் பகுதியையும் அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1971க்கு முன்பு மதுவிலக்கு இருந்த காலத்தில் குடிப்பதற்கென்றே பஸ் ஏறி வந்தார்கள் புதுச்சேரிக்கு. இன்றைக்கும் வார இறுதியில் அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் போய் எத்தனையோ வருடம் ஆகியும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் இங்கே சட்டப்படி ஏலம் போகின்றன. கலால் வரி அரசாங்கத்துக்கு முக்கிய வருமானம். மதுக்கடை எங்கே என்று இந்த ஊரில் யாரும் வழி கேட்க வேண்டியதில்லை.

சிகிச்சை எங்கே? கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். மேப்பில் பார்த்தால் மூலக்குளத்திலிருந்து தூரமே இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்குக் கை நடுங்கும் ஒரு கொத்தனாருக்கு அந்தத் தூரம் வேறு. பஸ் பிடித்து, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, காத்திருந்து, அன்றைய கூலியை இழக்க வேண்டும். கடையோ நாலு எட்டு நடந்தால் வந்துவிடும். பபூன் குரங்கின் கணக்கில் சொன்னால், மதுவுக்கு ஒரு தடவை அழுத்தினால் போதும். சிகிச்சைக்கு ஆயிரம் தடவை அழுத்த வேண்டும். இதில் எது ஜெயிக்கும் என்று சொல்ல உளவியல் பேராசிரியர் தேவையா?

இது கற்பனைக் கணக்கு இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அதற்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர். மீதி 37 பேருக்கும் மனசு இல்லையா? இல்லை, அவர்களுக்கும் சிகிச்சைக்கும் நடுவே அத்தனை பெரிய தூரமா?

"வீட்டுக்கே போய்ச் செல்லம் கொடுத்தால் திருந்துவானா?" என்று சிலர் கேட்கலாம். தடுப்பூசியை வீடு வீடாகக் கொண்டுபோனபோது யாரும் அதைச் செல்லம் என்று சொல்லவில்லை. "கடையை மூடினால் போதுமே" என்று வேறு சிலர் கேட்கலாம். கடைகள் குறைய வேண்டும்தான். ஆனால் மூடிய மறுநாள் நடுக்கம் எடுக்கும் மனிதனை யார் பார்ப்பது? அவன் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 மே மாதத்து மரக்காணமும் 2024 ஜூன் மாதத்துக் கள்ளக்குறிச்சியும் சாட்சி. கருணாபுரத்தில் மெத்தனால் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உயிருக்குப் போராடிய சிலரை ஜிப்மருக்குத்தான் கொண்டுவந்தார்கள். சாகும் நாளில் ஆம்புலன்ஸ் வருகிறது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் ஒரு வேன் கூட வருவதில்லை.

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும்" என்று சொல்வதற்கும் வழியில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980ல் குடிநோய் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார். அவருடைய டிடிகே மருத்துவமனை 1989ல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. சிகிச்சை ஊருக்குள் நடந்தது. ஊர்க்காரர்களே கூட நின்றார்கள். விட்டவனைத் திரும்ப விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் ஊர் பங்கெடுத்தது. அடுத்து கோவா. புதுச்சேரி மாதிரியே ஐரோப்பியர் ஆண்ட, மது மலிந்த இடம். அங்கே டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்து, அளவுக்கு மீறிக் குடிப்பவர்களிடம் சில தடவை பேசினார்கள். 2017ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள், பேச்சு கிடைத்த பிரிவில் நூற்றுக்கு 36, கிடைக்காத பிரிவில் 26. பெரிய அதிசயம் இல்லை. ஆனால் நூற்றுக்குப் பத்துக் குடும்பம் என்பது சின்ன விஷயமும் இல்லை.

மதுவுக்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்து கிடையாது என்பதும் உண்மை. பல வருடம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். அப்படிப்பட்டவரை வண்டியில் வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் யாரைச் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவும், கையைப் பிடித்து அழைத்துப் போகவும், திரும்பி வந்த பிறகு வாரம் ஒரு முறை "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்கவும், மனைவியிடம் அந்தப் பொடியைக் கலக்காதீர்கள் என்று விளக்கவும் ஒரு வண்டியும், ஒரு நர்ஸும், ஓர் ஆலோசகரும் போதும். மூலக்குளத்தில் வேலை முடிந்து கூலி கைக்கு வரும் சாயங்கால நேரத்தில் அது நிற்க வேண்டும். கடைக்காரருக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும். சுகாதாரத் துறைக்கும் தெரியக் கூடாதா என்ன? கலால் வருமானத்தில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கினால் செலவும் பெரிய பிரச்சினையாக இருக்காது.

ஒரு வேர், சில எலிகள், தவறாகத் தேர்ந்தெடுத்த நாலு ஜோடிக் குரங்குகள், ஒரு வேன். பிரேடியின் மொத்த உழைப்பும் சொன்னது ஒன்றுதான். நடத்தையை மாற்ற வேண்டுமானால், அது நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கடைக்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு எப்போதோ வந்துவிட்டார்கள். இனி வர வேண்டியது டாக்டர்கள்தான்.